சாரலைப் பட்டறைக்குள் விட்டவன்

எனக்குச் சொத்து வந்த செய்தி எனக்கு முன்பே தென்காசிக்குத் தெரிந்திருந்தது. அப்பாவின் காரியங்களெல்லாம் முடிந்து முதல் தடவையாகக் கடைத்தெருவுக்குப் போனேன். அதுவரை என்னை 'சார்' என்று உட்கார்ந்தபடியே கூப்பிட்ட பழக்கடைக்காரர் எழுந்து நின்று, "வாங்க மொதலாளி" என்றார். நான் பேரம் பேச வாயைத் திறப்பதற்குள் விலையையும் ஏற்றிச் சொன்னார். ஒருவன் பரம்பரைப் பணக்காரன் ஆகிவிட்டான் என்பதற்கு இதைவிட முறையான அறிவிப்பு கிடையாது.

சொத்து என்பது குற்றாலம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் பம்ப்செட் கம்பெனி. தாத்தா, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக்குச் சக்கரம் வார்த்துக் கொடுத்துத் தொடங்கிய பட்டறை அது. அப்பா அதை மோட்டார் பம்புக்கு மாற்றினார். இரும்பை உருக்கி வார்ப்பது, கடைவது, பூட்டுவது, தண்ணீர் விட்டுச் சோதிப்பது எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். செங்கோட்டைப் பக்கமோ பாவூர்சத்திரம் பக்கமோ பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒரு தோப்பில் தண்ணீர் பாய்ந்தால், அது எங்கள் தண்ணீர் என்றே சின்ன வயதிலிருந்து நினைத்து வந்திருக்கிறேன். மேலே மழையை அனுப்புகிறவர் உத்தரவாதம் எதுவும் தருவதில்லை. எங்கள் தண்ணீருக்கு ஓராண்டு உத்தரவாதமும் இலவச சர்வீசும் உண்டு.

இந்தப் பெருமையைத் தவிர கம்பெனிக்கும் எனக்கும் வேறு தொடர்பு இருந்ததில்லை. நான் கல்லூரியில் வரலாறு நடத்தியவன். ஓய்ந்த நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். குடும்பச் சொத்தை மூன்றாம் தலைமுறை எப்படிக் கரைக்கும் என்பதைப் பற்றிப் பல நாட்டு நாவல்களைப் படித்திருக்கிறேன். அதில் வருகிறவர்களுக்குக் குதிரை ஓட்டவும் சீட்டாடவும் தெரியும். எனக்கு அந்தத் தகுதிகளும் இல்லை.

கம்பெனியில் பாதி அக்காவுடையது. சட்டப்படி பாதி. ஆனால் எங்கள் பக்கத்தில் சட்டத்துக்கு மேல் ஒரு வழக்கம் இருக்கிறது. அப்பா காலமானதும் பெண்பிள்ளைகள் பத்திர ஆபீசுக்கு வந்து, 'எனக்கு இதில் பாத்தியதை இல்லை' என்று தம்பிக்கோ அண்ணனுக்கோ விடுதலை எழுதிக் கொடுப்பார்கள். பதிலுக்கு ஒரு பட்டுப்புடவை கிடைக்கும். கூடவே, பொங்கலுக்கு வந்தால் பிறந்த வீட்டில் சிரித்த முகத்தோடு சாப்பாடு போடுவார்கள் என்ற நம்பிக்கையும். கையெழுத்துப் போடாத பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சை நான் இங்கே எழுத முடியாது.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் சித்தப்பா ஆரம்பித்தார். அப்பாவுக்கு அடுத்தபடி குடும்பத்தில் மூத்தவர் அவர்தான்.

"பத்திரக்காரர்ட்ட சொல்லிட்டேம்மா. வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாளு. வந்து தம்பிக்கு ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போயிரு."

அக்கா பாயசத்தை ஆற்றிக்கொண்டிருந்தாள். "போடுதேன் சித்தப்பா. சாரல் முடியட்டும்."

"சாரலுக்கும் கையெழுத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இப்பமே போட்டுட்டா, சீசன்ல பட்டறையில ஏதாவது கோளாறுன்னா ஏன்னு கேக்க எனக்கு வாயி இருக்காதுல்லா. ஒரு சீசன் தம்பி ஓட்டட்டும். பெறவு சிரிச்சிக்கிட்டே போடுதேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் பாயசத்தைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவேயில்லை.

அக்காவைப் பாவூர்சத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தான் காய்கறி மொத்த வியாபாரம். மார்க்கெட்டுக்கு எதிரிலேயே அப்பா அவளுக்கு எங்கள் பம்புகளை விற்கும் ஒரு கடையை வைத்துக் கொடுத்திருந்தார், சும்மா பொழுது போகட்டும் என்று. பொழுது போனதோ இல்லையோ, பம்புகள் போயின. அதிகாலையில் வெண்டைக்காய் மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற சம்சாரி, காய் விற்றதும் நேரே அவள் கடைக்கு வந்து, தன் கிணற்றுப் பம்பு எப்படி முனகுகிறது என்று வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார். அக்கா பதிலுக்கு இன்னொரு சத்தம் போட்டு, "இப்படியா அண்ணாச்சி, இல்ல இப்படியா?" என்பாள். நோய் தெரிந்துவிடும். பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் கார் முதலில் பட்டறை வாசலில்தான் நிற்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது காபி ஆறியிருக்கும். இதையெல்லாம் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவளுக்கு அந்தக் கம்பெனி வேண்டும் என்பதை நான் ஒருவன் கவனிக்காமல் இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கவனித்தேன். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தேன். சுழல் நாற்காலி. நன்றாகச் சுழன்றது.

சாரலுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் உள்ள பகையை இங்கே சொல்லியாக வேண்டும். மேற்கே மலைமுகட்டில் மேகம் இறங்கி, முகத்தில் பூந்தூற்றல் விழ ஆரம்பித்ததும் தென்காசியே கொண்டாடும். லாட்ஜ்காரர் சிரிப்பார், எண்ணெய் தேய்த்து விடுகிறவர் சிரிப்பார், ரம்புட்டான் விற்கிறவர் சிரிப்பார். சென்னையிலிருந்து, பல வருஷமாகப் பேசாத நண்பர்கள் போன் செய்து, "அருவியில தண்ணி விழுதா?" என்று என் உடல்நலத்தை விசாரிப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அப்பா வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

காரணம் மணல். பம்பின் உள்ளே தண்ணீர் சுற்றி வரக் காலியிடம் வேண்டும். அந்தக் காலியிடத்தின் வடிவத்தில் மணலைப் பிடித்து, அடுப்பில் சுட்டு, மொறுமொறுப்பாகக் காயவைப்பார்கள். அதற்கு 'கோர்' என்று பெயர். அதை அச்சுக்குள் வைத்துச் சுற்றிலும் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறியதும் மணலைத் தட்டி உதிர்த்துவிட்டால் உள்ளே காலியிடம் தயார். மணல் ஈரமாக இருந்தால் கொதிக்கிற இரும்புக்குள் ஆவி கிளம்பும். ஆவி போன வழியெல்லாம் துளையாக நின்றுவிடும். ஆகவே முதல் தூற்றல் விழுந்த அன்றே பட்டறையின் மேற்குக் கதவுகளை அடைப்பது அப்பாவின் சட்டம். சீசன் முடியும் வரை திறக்கக் கூடாது. ஊர் முழுவதும் குளிர்ந்து கிடக்கும்போது எங்கள் ஆட்கள் மட்டும் உள்ளே வெந்துகொண்டிருப்பார்கள்.

மேலே உள்ள பத்தியை நான் இப்போது எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன் பாருங்கள். அப்போது இதில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சாரல் பிடிக்காது, அது அவருடைய ரசனைக் குறைவு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் சாரல் அருமையாக ஆரம்பித்தது. நான் மேற்குக் கதவுகளைத் திறக்கச் சொன்னேன்.

மணல் அச்சுப் பிடிக்கும் மூத்த மோல்டர் தயங்கினார். "அப்பா அடைச்சுத்தான் வைப்பாவ மொதலாளி."

அவருக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். தொழிற்புரட்சிக் காலத்து ஆலைகளில் காற்றோட்டம் இல்லாமல் தொழிலாளர் பட்ட பாடு, பின்னால் வந்த சட்டங்கள், மனித மாண்பு எல்லாம் அதில் இருந்தன. கல்லூரியில் அதே பாடத்தை நடத்தியபோது யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. கடைசியில் அவர், "சரி மொதலாளி" என்றார். கதவுகள் திறந்தன. மேற்கு மலையும் மேகமும் ஓவியம் மாட்டியது போல வாசலில் வந்து நின்றன. குளிர்ந்த காற்று உள்ளே புகுந்தது. ஆட்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் குடும்பத்திலேயே தொழிலாளரை வாழ வைத்த முதல் முதலாளி நான்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பரவசத்தில் 'உலையும் சாரலும்' என்று ஒரு கட்டுரையும் எழுதி அனுப்பினேன். உடனே போட்டுவிட்டார்கள்.

புளியறைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ரப்பர்த் தோட்டங்களுக்காக ஒரு பெரிய ஆர்டர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. வார்த்து முடித்த பம்பு உடல்களைச் சோதனைத் தொட்டிக்குக் கொண்டு வந்தார்கள். உள்ளே தண்ணீரை நிரப்பி, வாயை மூடி, அழுத்தம் கொடுத்தார்கள். முதலாளி என்ற முறையில் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இரும்பின் வயிற்றிலிருந்து ஊசி போல ஒரு தாரை கிளம்பியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு விசிறி போல நாலா பக்கமும். அழகாகத்தான் இருந்தது. அடுத்ததை ஏற்றினார்கள். அதுவும் அப்படியே. என் சட்டை நனைந்தது.

சரியாக அந்த நேரத்தில், ரிப்பேர் பம்புகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அக்கா வந்து இறங்கினாள். தொட்டியைச் சுற்றி ஒரு நடை வந்தாள்.

"ஏலே, ஐந்தருவி எப்பம் இங்கன வந்துச்சு?"

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

"சிரிங்கடே. மொதலாளின்னா சிரிக்கப்படாதா?" என்று சொல்லிவிட்டு நேரே கோர் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் போனாள். ஒரு கோரை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பது போல. பிறகு திறந்திருந்த கதவைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள்.

"யாரு தொறந்தது?"

மோல்டர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "காத்துக்குக் கொஞ்சம்…"

"நான்தான் தொறக்கச் சொன்னேன்" என்றேன். "காத்து நல்லா இருந்துச்சு."

"காத்து நல்லா இருந்தா நீ காத்துகிட்டப் போ. காத்த எதுக்குலே உள்ள கூப்பிட்ட?"

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கட்டுரை அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். "'உலையின் அருகே மேற்குக் காற்று வந்து, இரும்பின் மேல் மெல்ல விரல் வைத்துப் பார்க்கிறது'ன்னு எழுதியிருக்கான். வெரல் வச்சதுதான் தெரியுதே. வச்ச எடமெல்லாம் ஓட்ட."

இப்போது யாரும் இருமவில்லை. நேராகவே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கட்டுரை ஒன்றுக்கு என் கண் முன்னாலேயே இத்தனை பேர் சிரித்தது அதுவே முதல் தடவை.

சிரிப்பு அடங்கியதும் அவள் செய்த காரியம்தான் எனக்கு முக்கியம். அவள் உடனே உத்தரவு போட ஆரம்பித்திருந்தால் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவள் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமல், "சாரல் முடியுத வரைக்கும் நீதான் மொதலாளி. நான் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"சொல்லுக்கா" என்றேன்.

பிறகு நடந்ததை நான் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கதவுகள் அடைபட்டன. கோர்கள் மறுபடி அடுப்புக்குப் போயின. ஓட்டைப் பம்புகளைச் சம்மட்டியால் உடைத்து உலைக்கே திருப்பி அனுப்பினார்கள். இரும்பில் அப்படியொரு வசதி. தப்பை உடைத்து உருக்கிவிட்டால் தப்பே நடக்கவில்லை. கட்டுரை விஷயத்தில் அது முடியவில்லை, இன்னும் இணையத்தில் இருக்கிறது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, உலைக்கும் தொட்டிக்கும் நடுவே அக்கா நடந்தாள். அதட்டினாள். கேலி செய்தாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். ஆட்கள் என்னிடம் காட்டிய மரியாதை நாற்காலிக்கு உரியது என்பது அவளிடம் அவர்கள் பேசியதைக் கேட்டபோது புரிந்தது. அவளிடம் அவர்கள் எதிர்த்துப் பேசினார்கள். "இல்லக்கா, இது வேற மாதிரி செய்யணும்" என்றார்கள். அவளும் சில சமயம் கேட்டுக்கொண்டாள்.

தாமதத்தைக் கேரளத்துக்காரருக்கு எப்படிச் சொல்வது? இயற்கைச் சீற்றம் என்ற தோரணையில் ஒரு கடிதத்தை நான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா போனை எடுத்து, பாதி மலையாளத்தில் இன்னும் கொஞ்ச நாள் கேட்டாள். "சேட்டா, நம்ம தம்பி கதவத் தொறந்துட்டான். சாரல் உள்ள வந்து எல்லாம் ஓட்ட. கொறச்சு திவசம் கூடுதல் வேணும்." அந்தப் பக்கம் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அவகாசம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது வார்ப்பில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. தொட்டியருகே அந்த வறண்ட இரும்பைத் தடவிப் பார்த்தேன். நான் எழுதிய எதையும் இந்த மாதிரித் தண்ணீர் ஊற்றிச் சோதித்திருந்தால் தேறியிருக்காது.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய ஆர்டரின் முதல் லாரி கிளம்பும்போது முதலாளியும் பின்னாலேயே காரில் புளியறை வரை போவார். செக்போஸ்ட்டில் லாரி எல்லை தாண்டும் வரை எதிரே டீ குடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவார். சின்ன வயதில் அப்பா என்னைக் கூட்டிப் போவார். நான் போனது டீக்கடையின் வாழைப்பழ பஜ்ஜிக்காக, பழம்பொரிக்காக. லாரியை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை, காருக்குள் கதைப்புத்தகம் இருந்தது.

அன்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் அவள் சொன்னாள்: "நான் இதுக்கு வந்ததே இல்லடே. செக்போஸ்ட்ல பொம்பளப் புள்ளைக்கு என்ன வேலைன்னு அப்பா விட்டுட்டுப் போயிருவாவ. நான் கேட் வரைக்கும் வந்து நிப்பேன்."

நான் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன்.

டீக்கடையில் நின்றோம். லாரி வரிசையில் எங்கள் லாரி நகர்ந்து நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. அக்கா கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தாள். அது எல்லை தாண்டி வளைவில் மறைந்ததும் மூச்சை விட்டாள்.

"நீ கையெழுத்துப் போட வேண்டாம்" என்றேன்.

"என்னது?"

"விடுதலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கம்பெனிய நீ பாத்துக்கோ. நாற்காலில நீ உக்காரு."

அவள் முகம் இறுகியது. "எனக்குப் பிச்சை போடுதியோ?"

"என்கிட்ட பாதிக் கம்பெனி இருக்குக்கா. அது ஓடணும்னு ஆசைப்படுதேன். இதுல பிச்சை எங்க வந்துச்சு?"

"எனக்கு வேணும்னு நான் என்னைக்காவது கேட்டேனா?"

"கேக்கல. கேட்டிருந்தா அப்பவே சண்டை போட்டு முடிச்சிருப்போம்."

அவள் டீயை ஒரு மடக்குக் குடித்தாள். பழம்பொரியைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாள். சின்ன வயதில் தன் தின்பண்டம் எதையும் எனக்குப் பிட்டுக் கொடுத்ததில்லை.

"சரி. பாதிப் பாதி. லாபத்துல ஒன் பாதி ஒழுங்கா வரும். நாற்காலி எனக்கு. ஆனா ஒண்ணு, நீ மேக்குக் கதவுல கை வைக்கப்படாது. அதையும் பத்திரத்துல எழுதணும்."

பத்திரக்காரர் அப்படியொரு ஷரத்து வழக்கத்தில் இல்லை என்று மறுத்துவிட்டார். அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி வரும் போலிருந்தது. சாரல் முடிந்த அந்த ஆவணியில், விடுதலை எழுதிக் கொடுக்க வேண்டிய பெண் கம்பெனியின் நிர்வாகப் பங்குதாரராகக் கையெழுத்துப் போடுவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. சித்தப்பா பட்டுப்புடவைப் பையோடு வந்திருந்தார்.

"ஊரு சிரிக்கும்லே" என்றார் என்னிடம்.

"சிரிக்கட்டும் சித்தப்பா. அதுதான என் தொழிலு."

அவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, அவர் கையிலிருந்த பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். "கலரு நல்லா இருக்கு சித்தப்பா. ஆயுத பூசைக்குக் கட்டிக்கிடுதேன்" என்றாள். கட்டிக்கொள்ளவும் செய்தாள். அன்றைக்குப் பட்டறை வாசலில் அந்தச் சேலையோடு அவள் நின்றதைச் சித்தப்பாவே போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

இப்போது கடைத்தெருவில் என்னை யாரும் முதலாளி என்று கூப்பிடுவதில்லை. "பம்பு கம்பெனி அக்காவோட தம்பிதானே?" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லும்போது என் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கிறது. சகோதரிகளிடம் எழுதி வாங்கி முதலாளி ஆனவர்கள் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். எழுதி வாங்காமல் பணக்காரனாக நீடிப்பவன் எனக்குத் தெரிந்து நான்தான். பழக்கடைக்காரர் மட்டும் விலையைக் குறைக்கவில்லை.

மேற்குக் கதவில் அக்கா சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறாள்: 'சீசனில் திறக்கக் கூடாது. பங்குதாரருக்கும் பொருந்தும்.' அதோடு, உள்ளே வேகிறவர்களுக்காகக் கிழக்குச் சுவரில் காற்றை இழுத்து வெளியேற்றும் பெரிய விசிறிகளையும் மாட்டிவிட்டாள். என் சொற்பொழிவில் அந்த ஒரு பகுதி நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டாள்.

இந்த வருஷம் முதல் சாரல் விழுந்த அன்று என் போன் அடித்தது.

"ஏலே, கதவெல்லாம் அடைச்சாச்சு. நீ எங்கன இருக்க?"

"ஐந்தருவில."

"நல்லது. அங்கனயே இரு."